எலுமிச்சைக்கு வைத்த பெயர்

தையல்கார அக்காவின் புருஷனை எல்லாரும் ‘மின்னல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கரண்டு வேலைக்காரர். ஆனால் ஒரு வீட்டுக்காவது சொன்ன நேரத்துக்குப் போயிருப்பாரா? மூச்! இருந்தும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அப்படி எதற்கும் அவசரப்படாத மனிதர், பெயின்ட் டப்பாவில் ஆசையாக வளர்த்த எலுமிச்சைக் கன்றை விட்டுவிட்டு, ஒரு காய்ச்சலில் அவசரமாகப் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன பிறகு அக்கா குடிமாறிய அறைக்கு ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. கன்று மஞ்சளடித்து இலை கொட்டத் தொடங்கியது.

“உங்களத்தான் பறிகொடுத்தேன், இதையுமா?” என்று அழுதவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பைக்குள் ஒளித்துக்கொண்டு, தாவரவியல் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்தாள். பூங்காவில் செடி திருடுகிறவர்கள் உண்டு. செடியைத் திருட்டுத்தனமாக வைத்துவிட்டு வந்தவள் இவள் ஒருத்திதான். கண்ணாடி வீட்டுக்குப் பின்னால், துணி வெட்டும் கத்தரிக்கோலால் மண்ணைக் கிளறி நட்டாள்.

கன்று பிழைத்துத் தழைத்தது. வாராவாரம் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு அளவு தப்பியது, யார் சண்டைக்கு வந்தார்கள் என்று எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். ஆனால் மற்ற செடிகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை இருந்தது. இது மட்டும் அநாதையாக நின்றது. களை என்று யாராவது பிடுங்கிவிட்டால்? ஒரு தகர மூடியில் பெயின்டால் எழுதி, கம்பியில் மாட்டி நட்டுவிட்டு வந்தாள். எலுமிச்சை என்று எழுதித் தொலைத்திருக்கலாம். பாவம், கை ‘மின்னல்’ என்றுதான் எழுதியது.

அடுத்த ஞாயிறு அங்கே வெறும் மண்தான் இருந்தது. தோட்டக்காரர் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“இங்க ஒரு செடி இருந்துச்சேண்ணே?”

“அத ஏன் கேக்குறீங்க! யாரோ வெச்சுட்டுப் போன எலுமிச்சை. பாவம்னு நானும் தெனம் தண்ணி விட்டேன். யார் கண்ணுலயும் படாம நல்லா வளந்துச்சு. எந்த மகராசனோ அதுக்கு மின்னல்னு ஒரு போர்டு வெச்சான். பெரிய ஆபீசர் பாத்துட்டார். இப்படி ஒரு செடியே கெடையாதேன்னு என் கையாலயே பிடுங்க வெச்சுட்டார். சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதை!”

நான்தான் வைத்தேன் என்பதை விட்டுவிட்டு அக்கா கேட்டாள்.

“அந்தப் போர்டு எங்கண்ணே?”

“குப்பையில கெடக்கும். உங்களுக்கு எதுக்கு அது?”

“என் வீட்டுக்காரர் பேருண்ணே.”

தோட்டக்காரர் குழாயை அப்படியே போட்டுவிட்டுப் போய், குப்பைக் குவியலை இரண்டு கைகளாலும் கிளறினார். முதலில் கைக்கு வந்தது காய்ந்துபோன கன்றுதான். அக்கா அதை வாங்கித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.