வயல்காரர் வீட்டில் இல்லை

விவசாயப் போதனாசிரியர் வேலைக்கு வெயிலும் ஊர் நாய்களும் சம்பளத்தோடு சேர்ந்தே வரும், வேலை பார்ப்பவர் பெண்ணென்றால் "சேர் வரேல்லையோ?" என்ற கேள்வியும் இலவசம். கந்தோரிலோ கடையிலோ இதே கேள்வியை விழுங்கியிருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்!

ஆளில்லாத வீடு

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு கிராமம். சிறுபோக நெல்லில் பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். படலையில் ஸ்கூட்டியை நிறுத்திக் கூப்பிட்டதும் சரோஜாக்கா வயலிலிருந்து ஏறி வந்தார். முழங்கால் வரை சேறு, கையில் மண்வெட்டி. "வயல்காரர் நிற்கிறாரோ?" என்று கேட்டேன். நானும் பெண்தான், ஆனாலும் வாயில் அப்படித்தான் வந்தது. அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "வீட்டில ஒருத்தரும் இல்லை மிஸ். அவர் வவுனியாவுக்குப் போயிட்டார், நான் மட்டும்தான் நிக்கிறன்."

குசினிக் குரல்

அடுத்த கிழமை போனபோது அவருடைய கணவர் சிவராசா கதிரை போட்டு இருத்தினார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். என்ன விதை, விதைத்து எத்தனை நாள், பசளை எப்போது போட்டது என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் ஒவ்வொரு தடவையும் குசினிப் பக்கம் திரும்பினார். உள்ளே அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வரும். அதை அப்படியே எனக்குத் திருப்பிச் சொல்லுவார். கடைசியில் நான் குசினியைப் பார்த்தே எழுதி முடித்தேன். படலை வரை வந்து வழியனுப்பியவர் பெருமையோடு சொன்னார்: "வயல் விசயம் எதெண்டாலும் என்னட்டக் கேளுங்கோ மிஸ். எல்லாம் நான்தான் பாக்கிறனான்."

கமக்காரர் கூட்டம்

கதிர் வரப்போகிற நேரத்தில், வாய்க்காலின் கடைசியில் கிடந்த அவர்களுடைய வயலுக்கு ஆறு நாளாகத் தண்ணீர் வரவில்லை. இன்னும் இரண்டு நாள் போனால் அவ்வளவும் உள்ளே அரிசியில்லாத சப்பி நெல்தான், வீட்டுச் சோற்றுக்கும் வழியில்லை. விவசாயிகளின் அந்தக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார்கள். "ஆருக்கும் தண்ணிப் பிரச்சினை இருக்கோ?" என்று தலைவர் கேட்டார். சிவராசா வழக்கம்போலப் பின்னால் திரும்பினார். தூரம் அதிகம், அக்காவின் குரல் எட்டவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா தட்டத்தை வைத்துவிட்டு முன்னால் வந்தார். "மூண்டாவது வாய்க்கால் கதவுக்கு ஆரோ மண் மூட்டை போட்டு மறிச்சிருக்கினம். இண்டைக்கு எடுக்காட்டி எங்கட பயிர் அவ்வளவுதான்." தலைவர் சிரித்தார். "பிள்ளை, இது கமக்காரர் கூட்டம்." எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது, ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. சிவராசாதான் எழும்பினார். "அவாவைச் சொல்ல விடுங்கோ. எனக்கு அந்தக் கதவு எங்க கிடக்கெண்டே தெரியாது!"

அன்று பின்னேரமே மூட்டையை எடுத்தார்கள், தண்ணீரும் வந்தது. கூட்டக் குறிப்பில் மட்டும் "சிவராசா முறைப்பாடு செய்தார்" என்று பதிந்து அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.