அரிப்புக்கு டாக்டரம்மா சொன்ன தியானம்

சுனாமி வந்த வருடம், நான் சங்கு திருடினேன் என்று என்னோடு கடலில் மூழ்கிச் சங்கு குளித்த மூன்று பேர் கோயிலில் பொய்ச் சத்தியம் செய்தார்கள். அன்று தொடங்கியது இந்த அரிப்பு.

இன்று தோல் டாக்டரம்மா பார்த்தார். "தாத்தா, மனசுல கோவத்த வச்சிருந்தா தோலு இப்படித்தான் தடிக்கும். தினமும் கண்ண மூடி மூச்சக் கவனிங்க."

"சங்கு குளிச்சவனுக்கே மூச்சு சொல்லித் தாறியளாக்கும்?"

சிரித்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸிலேயே கண்ணை மூடினேன். அந்த மூவரில் முதல் ஆள் செத்த சேதி வந்த நாளை நினைத்தேன், முதுகில் அரிப்பு அடங்கிக் குளிர்ந்தது. அடுத்தவனை அடக்கம் பண்ணிய நாளை நினைத்தேன். கையில் அரிப்பு நின்றது.

பக்கத்தில் இருந்தவள், "என்ன அண்ணாச்சி, ஜெபமா?" என்றாள்.

"ஆமா, செத்தவங்களுக்கு."

கழுத்தில் மட்டும் இன்னும் அரிக்கிறது. மூன்றாவது ஆளைப் பார்க்கிறவர்கள், உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு எனக்குச் சொல்லுங்கள். உயிரோடு மிச்சம் இருப்பது அந்தச் சூசை ஒருவன்தான்.