கெட்டது கையா, மூட்டையா

போர்வை ஆலையின் கேன்டீனில் பத்தொன்பது வருஷமாகக் காலைச் சமையல் அவளுடையது. அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தாலும் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. ஆலையில் இருந்த நூற்றியெண்பது பேருக்கும் அவள் துடுப்பக்கா. இடுப்புயர மரத்துடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு அண்டா நிறைய மக்காச்சோளக் களி கிண்டுகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? காலை ஏழு மணிக்கு மணியடித்ததும் கிண்ணத்தோடு வரிசை வந்துவிடும். களியில் கட்டி இருக்காது, அடிப்பிடித்த வாசனை இருக்காது, பச்சை மாவு நெடி துளியும் இருக்காது. இந்த மூன்றும்தான் அவளுடைய கௌரவம்.

ஆறு நாள் அண்டாவோடு மல்லுக்கட்டியவள் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் அதையே செய்வாள். புருஷன் பஸ் டிரைவர், அதிகம் பேசாத மனுஷன். அவரே ஒருமுறை, வாரம் பூரா கிண்டியது போதாதா என்று கேட்டிருக்கிறார். அது அவங்களுக்கு, இது எனக்கு என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் செய்வது நிதானமான சமையல். ஒரு டம்ளர் மாவுக்கு நாலு டம்ளர் தண்ணீர். உப்புப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, ஒரு கையால் மாவை மழைத்தூறல் மாதிரி உதிர்த்துக்கொண்டே மறு கையால் கிண்ட வேண்டும். அப்புறம் தீயைச் சின்னதாக்கி முக்கால் மணி நேரம் பொறுமையாக நிற்க வேண்டும். களி சட்டியின் ஓரத்தை விட்டு உருண்டு வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். சூடாகக் கொஞ்சம் வெண்ணெய் போட்டுச் சாப்பிட்டது போக, மீதியைத் தட்டில் பரப்பி ஆறவிடுவாள். சாயங்காலம் அதைத் துண்டு போட்டு, தோசைக்கல்லில் இருபுறமும் மொறுமொறுவென்று சிவக்கவிட்டு, மேலே வதக்கிய வெங்காயத்தைப் போட்டுக் கொடுப்பாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போக மாட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் புது ஸ்டோர் ஆபீசர் வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரமே கேன்டீன் பலகையில் களி என்பதை அழித்துவிட்டு 'போலென்டா' என்று எழுத வைத்தார். அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஏதோ இருமல் மருந்து வந்திருக்கிறது என்று நினைத்தாள். உங்க களிதான்க்கா, வெளிநாட்டில் அதுக்கு அப்படித்தான் பேரு என்று மகள் வயதுள்ள ஒரு தொழிலாளி விளக்கினாள். பெயர் என்னவாக இருந்தால் என்ன, வேகிறது ஒன்றுதானே என்று துடுப்பக்கா சிரித்துவிட்டு விட்டாள்.

ஆனால் அடுத்த மாதம் மாவே மாறிவிட்டது. வழக்கமாக மாவு கொடுத்தவரை நிறுத்திவிட்டு ஆபீசர் வேறு யாரிடமோ மூட்டை வாங்கினார். முதல் மூட்டையைப் பிரித்தபோதே அவளுக்குச் சுரீரென்றது. நல்ல சோள மாவுக்கு ஒரு இனிப்பு வாசனை உண்டு. இதில் நனைந்த சாக்கு நாற்றம் அடித்தது. கைப்பிடி அள்ளி அமுக்கினால் கட்டியாகவே நின்றது. சலித்தால் சல்லடையில் ஒட்டடை மாதிரி நூல்நூலாக ஏதோ தங்கியது. போய்ச் சொன்னாள். மழைக்காலம் அக்கா, கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும் என்றார் ஆபீசர். இரண்டாவது தடவை மாவைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அவர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை, மாவு மாவுதான், கிண்டுகிற விதத்தில் இருக்கிறது எல்லாம் என்று அவளுக்கே பாடம் எடுத்தார்.

பத்தொன்பது வருஷம் கிண்டியவளுக்கு அந்தப் பேச்சு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு தடவை சலித்து, வறுத்து, இன்னும் அரை மணி நேரம் கூட வேகவைத்துப் போட்டாள். அப்படியும் களியில் ஒரு கசப்பு தங்கியது.

ஒரு புதன்கிழமை முப்பத்திநாலு பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். பதினோரு மணிக்கெல்லாம் ஆலையில் பாதித் தறி நின்றுவிட்டது. நல்லவேளை, ஒருத்தருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆஸ்பத்திரி வேன் இரண்டாவது நடை வந்தபோது துடுப்பக்கா சமையலறையின் பின்வாசல் பக்கம் தற்செயலாகப் பார்த்தாள். ஆபீசரின் ஆள் ஒருவன் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். சாட்சிக்கு ஒரு பிடி மாவுகூட மிஞ்சாது என்று அவளுக்குப் புரிந்தது. காலையில் பிரித்த மூட்டை மட்டும் இன்னும் அடுப்படியில் இருந்தது. தன் டிபன் பாக்ஸைத் திறந்து, அதிலிருந்து நாலு கை மாவை அள்ளி அழுத்தி நிரப்பி மூடினாள்.

மறுநாள் காலை வாசல் பலகையில் ஸ்டோர் ஆபீசரின் கையெழுத்தோடு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சமையலர் களியை முறையாகக் கிளறி வேகவைக்காததால் ஏற்பட்ட உடல்நலக் கேடு, விசாரணை முடியும்வரை அவர் தற்காலிக வேலைநீக்கம். தொழிலாளிகள் கூட்டமாக நின்று படித்துக்கொண்டிருக்க, அவளும் அவர்களுக்கு நடுவே நின்று படித்தாள். வேலை போனது ஒரு பக்கம் இருக்கட்டும். கிளறாததால் என்று எழுதியிருந்தானே, அந்த ஒரு வார்த்தையில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை இன்னொரு கடிதம் வீட்டுக்கே வந்தது. கம்பெனி மாவை டிபன் பாக்ஸில் கடத்தியதாகக் கேட் காவலாளி சொல்லியிருக்கிறார், அதற்கும் விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் ஆலைக் குடியிருப்பில் இருக்கிற வீட்டைக் காலி செய்ய நேரிடும் என்று எழுதியிருந்தது.

"திருட்டுப் பட்டமும் கட்டியாச்சு" என்று கடிதத்தைப் புருஷனிடம் நீட்டினாள்.

அவர் இரண்டு முறை படித்தார். மன்னிப்பு மாதிரி இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் வீடாவது மிஞ்சுமே என்று மெதுவாக ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார். ஆனால் அன்று முழுக்க அவளை அரித்தது வேறொன்று. நாற்றம் தெரிந்தும் கிண்டினேனே, மூன்று தடவை சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேனே, அண்டாவைக் கவிழ்த்துப் போட்டிருக்க வேண்டாமா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அப்புறம் இன்னொரு சந்தேகமும் எழுந்தது. ஒருவேளை கைதான் தளர்ந்துபோய்விட்டதோ? அன்று சாயங்காலம் டிபன் பாக்ஸ் மாவில் கொஞ்சமும் கடை மாவில் கொஞ்சமும் எடுத்துத் தனித்தனியாகக் கிண்டிப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் யூனியன் செக்ரட்டரி வீட்டுக்குப் போனாள். விசாரணை அறைக்கு நான் வர மாட்டேன், அவர்கள் என் வீட்டுக்கு வரட்டும், ஒரு மணி நேரம் உட்காரட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

வருவார்களா என்று செக்ரட்டரிக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் ஆலையின் மேனேஜரம்மாவே வந்தார். கறாரான பேர்வழி, சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த முப்பத்திநாலு பேரையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் என்பது பின்னால்தான் தெரிந்தது. சனிக்கிழமை நாலு மணிக்கு அவரும் ஸ்டோர் ஆபீசரும் செக்ரட்டரியும் அந்தச் சின்ன வீட்டின் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஆபீசர் செல்போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுப்பில் ஒரே அளவில் இரண்டு சட்டி. மகள் இரண்டிலும் எண்ணி எண்ணித் தண்ணீர் ஊற்றினாள், ஒரே ஸ்பூனால் உப்புப் போட்டாள். பக்கத்தில் ஒரு புறம் கடையில் வாங்கிப் பிரிக்காத மாவுப் பொட்டலம், இன்னொரு புறம் டிபன் பாக்ஸ். தண்ணீர் கொதி வந்ததும் துடுப்பக்கா ஒரு மரக்கரண்டியை எடுத்து ஆபீசர் பக்கம் நீட்டினாள்.

"கடை மாவை நீங்க கிண்டுங்க சார். உங்க மூட்டை மாவை நான் கிண்டறேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். எனக்கு இன்னொரு மீட்டிங் இருக்கிறது, இதெல்லாம் விசாரணையில் சேராது என்று என்னவோ சொன்னார். மேனேஜரம்மா தலையைத் திருப்பாமலே, கிண்டுங்க என்றார். அவ்வளவுதான், சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

மாவை அவர் ஒரேயடியாகக் கொட்டினார். கட்டி விழுந்தது. கரண்டி முதுகால சட்டி ஓரத்துல வெச்சு நசுக்குங்க என்று அவள் தன் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். நசுக்கினார். பத்து நிமிஷத்தில் கைமாற்றினார், கால் மணி நேரத்தில் பெருமூச்சு விட்டார், இருபதாவது நிமிஷம் போதுமா என்று கேட்டார். நான் தினமும் நூத்தியெண்பது பேருக்குக் கிண்டறேன் சார், இது மூணு பேருக்கு என்றாள் அவள். செக்ரட்டரி பெரிய வாய்க்காரர், கூட்டத்தில் மைக்கை விடாதவர். அவர்கூட அன்று கடிகாரத்தையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க வெந்த சோளத்தின் இனிப்பு வாசனை பரவியது. அதற்குள்ளேயே, அடியில் ஓடுகிற சாக்கடை மாதிரி, இன்னொரு வாசனையும் வந்தது. மேனேஜரம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

முக்கால் மணி நேரம் ஆனதும் இரண்டையும் இரண்டு வெள்ளைத் தட்டில் கவிழ்த்தாள். ஆபீசர் கிண்டியதில் அங்கங்கே கட்டி இருந்தாலும் மஞ்சளாக, பளபளவென்று நின்றது. அவள் கிண்டியதில் ஒரு கட்டிகூட இல்லை. ஆனால் சாம்பல் கலந்த நிறத்தில் சோர்ந்து கிடந்தது.

அவள் சாம்பல் தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் எடுத்து, ஸ்பூனோடு ஆபீசர் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க சார். பத்தொன்பது வருஷம் கிண்டின கை. கைதானே காரணம்னு எழுதினீங்க?"

அவர் தான் கிண்டிய தட்டின் பக்கம் கையை நீட்டினார். அவள் அதை நகர்த்தி வைத்தாள்.

"அது வேணாம். புதன்கிழமை முப்பத்திநாலு பேர் சாப்பிட்டதைச் சாப்பிடுங்க. ஒரே ஒரு ஸ்பூன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்பூனைத் தொட்டார், எடுக்கவில்லை. வயிறு சரியில்லை என்று முனகினார். மேனேஜரம்மாதான் எட்டிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து மூடிவைத்தார். வேண்டாம், யாரும் சாப்பிட வேண்டாம் என்றார். அவர் எடுத்திருந்தாலும் நான் சாப்பிட விட்டிருக்க மாட்டேம்மா, தட்டிவிட்டிருப்பேன், எடுக்கிறாரா இல்லையான்னு பார்க்கத்தான் வெச்சேன் என்று துடுப்பக்கா சொன்னாள்.  நாலு நாளாக அடக்கி வைத்த கோபம் அப்போதுதான் வெளியே வந்தது. ஆபீசரிடம் எத்தனை தடவை போய்ச் சொன்னாள், என்னென்ன பதில் வந்தது, பின்வாசலில் தள்ளுவண்டி எத்தனை மணிக்குப் போனது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த மாவை மேனேஜரம்மா கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

சோதனைச் சாலை அறிக்கை பத்து நாளில் வந்தது. டிபன் பாக்ஸ் மாவு முழுக்கப் பூஞ்சை. வேலைக்குத் திரும்பலாம் என்று துடுப்பக்காவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் போகவில்லை. எனக்கு எதிரா எழுதினது எந்த இடத்துல ஒட்டியிருந்ததோ, அதே இடத்துல, அதே அளவுல, தப்பு என்னுதில்லைன்னு ஒட்டுங்க, அப்புறம் வர்றேன் என்று சொல்லிவிட்டாள். அலுவலகத்தில் சப்பைக்கட்டு கட்டினார்கள். முதலில் கேன்டீன் உள்சுவரில், யார் கண்ணிலும் படாத மூலையில், உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு வந்தது. மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அவள் அசையவில்லை. இரண்டு நாள் புதிதாக ஒருத்தர் அடிப்பிடித்த களி போட்டார். மூன்றாம் நாள் தொழிலாளிகள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் வாசல் பலகையில் முழுத்தாள் நோட்டீஸ் வந்துவிட்டது. கீழே மேனேஜரம்மாவின் கையெழுத்து.

திரும்பிப் போனதும் அவள் ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். எந்த மூட்டை வந்தாலும் அவள் பிரித்து, முகர்ந்து, அமுக்கிப் பார்க்காமல் அடுப்படிக்குள் நுழையாது. இரண்டு தடவை திருப்பியும் அனுப்பினாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

ஸ்டோர் ஆபீசரை வேலையை விட்டு எடுக்கவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி வேறு கிளைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அது அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. முப்பத்திநாலு பேரைப் படுக்கவைத்தவனுக்கு மாற்றல், மூணு தடவை போய்ச் சொன்னவளுக்கு நோட்டீஸா என்று யாரைப் பார்த்தாலும் கேட்பாள். 

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி, நல்லா இருக்கீங்களா அக்கா என்று விசாரித்தார். நல்லா இருக்கேன் சார், புது இடத்துல சாப்பாடு யாரு சமைக்கிறாங்க என்று அவள் கேட்டாள். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். அங்கே கேன்டீனில் சமைக்கிறவரைப் பார்த்து, மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கிண்டச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த விடுமுறை நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, அந்தக் கிளையின் கேன்டீனைத் தேடிப் போனாள்.