நாங்கள் ஏறினால் மட்டும் கேட்கும் சத்தம்

இன்று மதியம் எங்கள் கார் என்னைப் பார்த்துக் கத்தியது!

(என்னை மட்டும்தான் என்று முதலில் நினைத்தேன்.)

எங்கள் அம்பாசிடர் அப்பாவைவிட மூத்தது. நேற்றுதான் அப்பா அதற்குப் பெரிய, அகலமான வீலும் டயரும் போட்டார்.

"பாரு அம்மிணி, புலியாட்டம் நிக்குது!" என்றார் என்னிடம்.

(எனக்கு அப்பா செருப்பைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி தெரிந்தது. சொல்லவில்லை.)

கழற்றிய பழைய வீல்கள் நான்கும் குன்னூரில், மெக்கானிக் செல்வம் அண்ணன் கடையில் இருந்தன. அவற்றை வாங்கிப்போக கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் ஐந்து மணிக்கு வருவார். அவரிடமும் இதே மாதிரி கார். கொடுத்துவிட்டால், அப்படிப்பட்ட வீல் மறுபடி கிடைக்காது.

சரி, கொடுத்துவிட்டு வரலாம் என்று அப்பா, அம்மா, அத்தை, நான் எங்கள் ஊர் கேத்தியிலிருந்து கிளம்பினோம்.

முதல் வளைவிலேயே "கர்ர்ர்ர்!"

அப்பா எங்களை இறக்கிவிட்டுத் தனியாக ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை!

ஏறினோம். கர்ர்ர்ர்!

கடையில் செல்வம் அண்ணன் ஒரு சுற்றுப் போய் வந்தார். "தங்கமாட்டம் ஓடுதுங்க சார்."

மறுபடி ஏறினோம். கர்ர்ர்ர்!

எனக்குத் தலை சுற்றியது. காருக்கு எங்களைப் பிடிக்கவில்லையா?

"என்ன, எல்லாரும் என்னையவே பாக்கறீங்க?" என்றார் அத்தை.

(உண்மையாகவே எல்லாரும் அவரைத்தான் பார்த்தோம்.)

அம்மா மெதுவாக, "ஏனுங்க, பழைய வீலக் குடுத்தராதீங்க" என்றார்.

"புது டயரு, பழகுனா சரியாப் போயிரும்."

மணி நாலரை!

எல்லாரும் இறங்கினோம். நான் பின்சக்கரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மட்கார்டின் உள்பக்கம் முழுக்கச் செம்மண். அதில் ஓர் இடம் மட்டும் துடைத்த மாதிரி பளபளத்தது!

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் விட்டேன். இரண்டு விரல் போனது.

"அம்மா, அத்தை, பின்னாடி உக்காருங்க!"

கார் இறங்கியது. இப்போது ஒரு விரல்கூடப் போகவில்லை!

"அப்பா! நாம ஏறினா கார் கீழ இறங்குது, டயர் உரசுது!"

செல்வம் அண்ணன் தலையைச் சொறிந்தார். "காலி வண்டியில அளந்துட்டனுங்க சார்..."

அப்பா வெகுநேரம் புலியைப் பார்த்தார். பிறகு நம்பிக்கையோடு கேட்டார்: "நீங்க மூணு பேரும் பஸ்ஸுல வந்துட்டா?"

அம்மா காரை விட்டு இறங்கவே இல்லை.

சரியாக ஐந்து மணிக்குக் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். பழைய வீல் மேல் கை வைத்துக்கொண்டு அப்பா, "மன்னிச்சுக்கோங்க, இதக் குடுக்க முடியாதுங்க" என்றார்.

"என்னங்க இது! இத்தன வளைவு ஏறி வந்திருக்கறனுங்க!"

அவர் முகம் வாடிவிட்டது. எங்களுக்கும் சங்கடம். அப்போது அப்பா திடீரென்று கேட்டார்:

"உங்க ஊட்டுல எத்தன பேருங்க?"

"நான் ஒருத்தன்தானுங்க."

"அப்ப உங்களுக்குப் பொருத்தமானது இதுங்க!" என்று புது வீலைக் காட்டினார்.

அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிட்டார். நாங்கள் பழைய வீலில் சத்தமில்லாமல் வீடு வந்தோம்.

என் குழப்பம் மட்டும் தீரவில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் என்ன செய்வார்?

தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்!