பூஜ்ஜியத்துக்குப் பின்னால் இருந்தவர்

அப்பா அம்மா ஆசையாய் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். ஊர் மொத்தத்துக்கும் அவர் 'நம்பர்'. வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுவது தொழில். கடை எவ்வளவு பெரியது என்றால், மத்தியானம் உள்ளே தலைவைத்துப் படுத்தால் முழங்காலுக்குக் கீழே ரோட்டில் இருக்கும். எட்டு எழுதும்போது நாக்கின் நுனி வெளியே வரும். ஏழுக்கு வராது. ஏழெல்லாம் ஒரு எழுத்தா என்பார்.

ஸ்டேடியத்தில் மேட்ச் நடந்தால் அன்றைக்குக் கடைக்குப் பூட்டு. வடக்குப் பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால், இரண்டு ஆள் உயர ஏணிக்கு மேலே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதன் முன்பக்கம்தான் ஸ்கோர் போர்டு. போர்டில் இரண்டு சதுர ஓட்டைகள், ஒன்று நம்ம டீமுக்கு, இன்னொன்று வந்த டீமுக்கு. ஓட்டையை அடைக்கிற மாதிரி உள்ளேயிருந்து நம்பர் தகட்டைக் கொக்கியில் மாட்ட வேண்டும். மாட்டுகிறவர் இவர். தகடுகளை எழுதியவரும் இவரே. வெயில் நாளில் உள்ளே போனவர் வெளியே வரும்போது வெந்துதான் வருவார்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. பதினெட்டு வருஷமாய் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற மனுஷன், ஒரு கோலைக்கூட நேரில் பார்த்ததில்லை.

எப்படிப் பார்ப்பார்? தகடு மாட்டியிருந்தால் ஓட்டை அடைப்பு. தகட்டைக் கழற்றினால்தான் மைதானம் தெரியும். கோல் விழுந்த பிறகுதான் கழற்றலாம். பழைய நம்பரை எடுத்து, புது நம்பரை மாட்டுவதற்குள் பத்து விநாடி கிடைக்கும். அந்தப் பத்து விநாடியில் மைதானத்தில் என்ன நடக்கும்? கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஃபுட்பால் என்றால் பதினோரு பேர் கட்டிப்பிடிப்பதும், பதினோரு பேர் இடுப்பில் கைவைத்து வெறுமனே நிற்பதும் என்றுதான் அவர் கண் அறியும். தகரத்தில் ஆணி ஓட்டை போட்டும் பார்த்தார். அதில் கார்னர் கொடி மட்டும் தெரிந்தது. கொடி நன்றாகவே ஆடியது.

"டிவியில பாருங்களேன்" என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "கல்யாணச் சாப்பாட்டை ஃபோட்டோவுல காட்டினா ஏப்பம் விடுவியா?" என்பார். வீட்டில் டிவி இருந்தது. மேட்ச் காட்டினால் சேனலை மாற்றிவிடுவார்.

அப்புறம் எப்படி நம்பர் மாற்றுகிறார்? காதுதான். கூட்டம் "ஓ..." என்று ஏறிச் சரிந்தால் பந்து வெளியே. ஏறி, ஏறி, இறங்காமலே நின்றால் கோல். பெட்டி அதிர்ந்தால் நம்ம கோல். எங்கோ ஒரு மூலையில் மட்டும் நாலு பேர் கத்தி, மற்ற இடமெல்லாம் கப்சிப் என்றால் அவங்க கோல். பிறகு ரெஃபரியின் நீளமான விசில். கணக்கு சரியாக இருக்கும்.

கண்ணுக்கு வேறு ஏற்பாடு. அவர் மனைவி பஸ் கண்டக்டர். டியூட்டி முடிந்ததும் காக்கி உடுப்போடு, தோளில் டிக்கெட் பையோடு நேராக ஸ்டேடியம் வந்து, வடக்கு மூலையில் முதல் வரிசையில் உட்காருவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேஜையில் மேட்ச் மறுபடி நடக்கும். வெங்காயம் நம்ம டீம். பூண்டு எதிர் டீம். உப்பு ஜாடி கோல்கீப்பர். இரண்டு கரண்டி கம்பம். பந்துக்கு ஒரு பட்டாணி.

"இந்த வெங்காயம் இருக்கான்ல, ஒன்பதாம் நம்பர், மூணு பூண்டை வெட்டிட்டு உள்ள வரான். ஜாடி இந்தப் பக்கம் பாயுது..."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்ங்க! கேளுங்க முதல்ல. அவன் அந்தப் பக்கம் தட்டி விட்டான் பாருங்க, ஜாடி கவுந்துடுச்சு!"

பஸ்ஸில் அறுபது பேரை உள்ளே தள்ளிப் பழகிய குரல். அவள் சொன்னால் சுவரில் இருக்கிற பல்லியும் நின்று கேட்கும். அவர் வாயைப் பிளந்து கேட்பார். கோல் போட்ட வெங்காயத்தை அன்றைக்கு நறுக்க விடமாட்டார்.

இந்த வருஷம் அண்டை நாடுகள் கோப்பை நம்ம ஸ்டேடியத்தில் நடந்தது. நாலு நாடுகள், நாலும் ஒன்றுக்கொன்று வேலி பகிர்கிறவை. தூரத்து நாட்டிடம் தோற்றால் ஒரு நாள் வருத்தம். பக்கத்து நாட்டிடம் தோற்றால் பக்கத்து வீட்டில் பிரியாணி வாசனை அடிப்பது மாதிரி, தினமும் உறுத்தும். நம்ம டீம் இந்தக் கோப்பையைத் தொட்டதே கிடையாது. துடைக்கக்கூடக் கொடுத்ததில்லை.

இந்தத் தடவை பைனல் வரை வந்துவிட்டார்கள். அரையிறுதியில்தான் நம்பருக்குக் கண்டம் வந்தது. கூட்டம் ஏறி, ஏறி, இறங்காமலே நின்றது. பெட்டி அதிர்ந்தது. எவனோ விசிலும் ஊதினான். இவர் பூஜ்ஜியத்தைக் கழற்றி ஒன்றை மாட்டினார். உண்மையில் நடந்தது என்னவென்றால், ஒரு தெருநாய் மைதானத்துக்குள் புகுந்து, பந்தைத் தள்ளிக்கொண்டு போய், கோல்கீப்பரின் கால் இடுக்கில் நுழைந்து வலைக்குள் கொண்டு சேர்த்திருந்தது. நாய் அடித்த கோலைப் போர்டில் ஏற்றிய உலகத்தின் ஒரே ஆள் என்று ஊரே சிரித்தது.

ஃபுட்பால் சங்கத்தின் செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. ஏணி ஏறி வந்து பெட்டிக்குள் தலையை நீட்டினார்.

"யோவ் நம்பர், நாலு நாட்டுக்காரன் பார்த்துட்டு இருக்கான். பைனல்ல கோல் விழாம தகட்டுல கை வெச்சே, அதோட இந்த ஏணியை மறந்துடு."

"சார், நாய் நல்லாத்தான் அடிச்சிருக்கு..."

"யோவ்!"

"சரிங்க சார்."

பைனல் நாள் காலை. மனைவி தன் காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே கேட்டாள்: "என்ன, முகம் தொங்குது?"

"இன்னைக்கு நாம ஜெயிச்சா, அந்தக் கோலை நான் பார்க்கணும்மா. ஒண்ணே ஒண்ணு. கண்ணால."

"தகட்டைத் தொட்டா வேலை போயிடும்னு சொன்னாரே?"

"அதான் முகம் தொங்குது."

அவள் அவர் கன்னத்தைக் கிள்ளினாள். "நான் எதுக்குங்க இருக்கேன்? நான் பார்த்துட்டு வந்து சொல்றேன். வெங்காயம் வாங்கி வெச்சுட்டுப் போங்க."

பைனலில் எதிரே ஆற்றுக்கு அந்தக் கரை நாடு. ஐந்து தடவை கோப்பை வாங்கியவர்கள். பெட்டிக்குள் நம்பர் கண்ணை மூடி, காதைத் திறந்து உட்கார்ந்தார். "ஓ..." ஏறிச் சரிந்தது. மறுபடி ஏறிச் சரிந்தது. முதல் பாதி முடிந்தது. முட்டைக்கு முட்டை. இரண்டாம் பாதியில் சரிவுகள் பெரிதாயின. பனியன் பிழிகிற பதத்துக்கு வந்துவிட்டது.

கடைசி நிமிஷம். விசில். கூட்டம் கத்தவில்லை. "நமக்குப் பெனால்டி, பெனால்டி" என்று ஒரு முணுமுணுப்பு மட்டும் மைதானத்தைச் சுற்றி வந்தது. வடக்குக் கோல்! அவர் காலுக்குக் கீழே! நம்ம பெனால்டி!

பிறகு சத்தமே இல்லை. அத்தனை ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று அந்தக் காதுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம்பரின் கை தகட்டைத் தொட்டது. எடுத்துக்கொண்டது. மறுபடி தொட்டது. பதினெட்டு வருஷம், நாய் அடித்த கோல் உட்பட எல்லாவற்றையும் முடிந்த பிறகே பார்த்த மனுஷன். ஏணி போனால் போகட்டும் என்று பூஜ்ஜியத்தைக் கழற்றி, அந்த ஓட்டையில் தலையை விட்டார்.

எல்லாம் தெரிந்தது. பச்சைப் புல். வெள்ளைப் புள்ளியில் பந்து. இடுப்பில் கைவைத்து நிற்கிற நம்ம ஒன்பதாம் நம்பர். முதுகு காட்டிக் குதிக்கிற அவங்க கீப்பர். எழுந்து நிற்கிற ஜனம். முதல் வரிசை, வடக்கு மூலை... காக்கிச் சட்டை.

அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் பையைத் தூக்கி முகத்தை முழுசாக மூடியிருந்தாள். பைக்குக் கீழே இரண்டு கால்களும் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. பக்கத்து ஆளின் கையை ஆட்டி ஏதோ கேட்கிறாள். அவர் ஏதோ சொல்கிறார். பை இறங்கவே இல்லை.

நம்பருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஜாடி பாய்ந்தது, பூண்டை வெட்டியது, அந்தப் பக்கம் தட்டியது எல்லாம்... அடிப்பாவி! அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

பெட்டி அதிர்ந்தது.

அவர் திரும்பிப் பார்த்தபோது கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றை மாட்டிவிட்டு உட்கார்ந்தார். கடைசி விசிலுக்குப் பிறகு ஏணி தடதடத்தது. செயலாளர் வந்தார்.

"யோவ், கோலுக்கு முன்னாடி போர்டுல உன் மண்டை என்னய்யா பண்ணுச்சு?"

"பூஜ்ஜியத்துல தூசி சார். கழற்றித் துடைச்சேன்."

செயலாளர் அவரை முறைத்தார். உதடு துடித்தது. அடிக்கத்தான் போகிறார் என்று நம்பர் கண்ணை மூடினார். அந்த ஆள் பாய்ந்து கட்டிப்பிடித்து, வேர்த்த பனியனோடு அவரை ஒரு சுற்று சுற்றினார். "ஜெயிச்சுட்டோம்யா! அடுத்த தடவையும் துடை!" தூரத்திலிருந்தே பார்த்த கட்டிப்பிடி, கிட்டத்தில் நெஞ்செலும்பை இவ்வளவு அமுக்கும் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டில் கரண்டிகள் தயாராக நின்றன. மனைவி கை கழுவிவிட்டு ஆரம்பித்தாள்.

"பெனால்டிங்க! ஜாடி இடது பக்கம் பாயுது. நம்ம வெங்காயம் அமைதியா வலது பக்கம்..."

"பைக்குள்ள வெளிச்சம் நல்லா இருந்துச்சா?"

பட்டாணி அவள் விரலிலேயே நின்றது.

"என்ன பை?"

"டிக்கெட் பை."

அவள் முகம் சிவந்தது. "பந்து கிட்ட வந்தாலே எனக்குப் படபடன்னு வரும்ங்க. கண்ணைத் தொறக்க முடியாது. பக்கத்துல இருக்கிறவரைக் கேட்டு... அவர் ரெண்டு வார்த்தைதான் சொல்வார். மிச்சம் நானா சேர்த்துக்குவேன்."

"பதினெட்டு வருஷமாவா?"

"நீங்க வாயைப் பிளந்து கேட்கும்போது எப்படிங்க சொல்றது?" சட்டென்று நிமிர்ந்தாள். "சரி, பையைப் பார்த்தீங்கன்னா ஓட்டையில தலையை விட்டிருக்கீங்க. நீங்க சொல்லுங்க. எந்தப் பக்கம் போச்சு?"

நம்பர் தலையைச் சொறிந்தார்.

"பார்க்கலையா?"

"உன்னைப் பார்த்துட்டு இருந்தேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பூண்டு உருண்டு கீழே விழுந்தது. அவரும் சேர்ந்துகொண்டார். மேல்மாடிக்காரர் தரையைத் தட்டி, "நாமதான் ஜெயிச்சோம், தெரியும், தெரியும்!" என்று கத்தினார்.

சிரிப்பு அடங்கியதும் நம்பர் பட்டாணியை மேஜை நடுவில் வைத்தார். ஜாடியைக் கரண்டிகளுக்கு நடுவே நேராக்கினார். "கண்ணை மூடாதே."

"வேண்டாம்ங்க, படபடங்குது."

"என் கையைப் பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டாள். எட்டு எழுதுகிற மாதிரி நாக்கின் நுனி வெளியே வர, அவர் மற்றொரு கையால் வெங்காயத்தை நகர்த்தினார். பட்டாணி ஜாடியின் வயிற்றை உரசி, இடது கரண்டியில் மோதி, உள்ளே போய் மேஜையைத் தாண்டிக் குதித்தது.

"பார்த்தியா?"

"பார்த்தேன்! இடது பக்கம்! கம்பத்துல பட்டு உள்ள!"

மறுநாள் காலை டிவியில் அந்தப் பெனால்டியை நாலு கோணத்தில் காட்டினார்கள். இந்தத் தடவை அவர் சேனலை மாற்றவில்லை. பந்து நேராக நடுவில் போனது. இருவரும் காபியை வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இவங்களுக்கு ஒண்ணுமே தெரியலைங்க" என்று அவள் டிவியை அணைத்தாள்.