கறுவாவைச் சார்ஜாவுக்குக் கொண்டு போக வெளிக்கிட்டு நெடுங்கேணியில் முடிந்த பயணம்

குதிரையை வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டு போவது எப்படி என்று கேட்டு இந்தத் தளத்துக்கு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். விமானத்தில் ஏற்றுவதைப் பற்றி என்னால் எழுத முடியாது. நாங்கள் விமான நிலையம் வரை போகவில்லை. இரணைமடுவிலிருந்து நெடுங்கேணிக்குக் கிட்ட வரையான வழிதான் எனக்குத் தெரியும். அதை எழுதுகிறேன்.

நான் பதினொரு வருடம் சார்ஜாவில் குதிரை லாயங்களில் வேலை செய்தவன். திரும்பி வந்த பிறகு, சுவிஸில் இருக்கும் சுகந்தி அக்காவின் காணியில் மூன்று குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறேன். காணி இரணைமடுக் குளத்துக்குக் கிழக்கே. மூன்றில் கறுவா நல்லவள். ஏழு வயது, கபில நிறம், 460 கிலோ. நுவரெலியாவில் ஓட்டப் பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட குதிரை. ஒரு மீற்றர் இருபது உயரத் தடையை யோசிக்காமல் தாண்டுவாள்.

அவளில் ஏறுபவள் ஜெனிற்றா. கொக்கிளாயில் மீன்பிடிக்கிற குடும்பம், வயது இருபத்தாறு. முதலில் கணக்கெழுதத்தான் வேலைக்கு வந்தாள். நான்கு வருடத்தில் கறுவா வேறு யாரையும் முதுகில் ஏறவிடாத நிலைக்கு வந்துவிட்டாள். தை மாதக் கடைசியில் சார்ஜாவில் நடக்கும் குளிர்காலத் தடைதாண்டல் போட்டிக்கு இருவருக்கும் அழைப்பு வந்தபோது சுகந்தி அக்கா செலவை ஏற்றுக்கொண்டார். ஏற்பாடுகள் எல்லாம் என் பொறுப்பு. இரத்தப் பரிசோதனை, பத்திரங்கள், பயணம் எல்லாவற்றிலும் கடைசி முடிவு என்னுடையது என்று அவர் எழுதியே தந்திருந்தார்.

விமானத்துக்கு முன் கறுவா மூன்று கிழமை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனிமைத் தொழுவத்தில் நிற்க வேண்டும். மார்கழி இரண்டாம் கிழமை, ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் உள்ளே போகவேண்டும். தவறினால் அடுத்த விமானம் போட்டி முடிந்த பிறகுதான். வன்னியில் மார்கழி என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான்கு நாளாக மழை. குளத்தின் வான்கதவுகள் திறந்திருந்தன. ஒரு நாள் முன்னதாகப் போயிருக்கலாம். பத்திரத்தில் ஒரு கையெழுத்து புதன்கிழமை மாலைதான் கிடைத்தது.

வியாழன் விடிய 4.45க்கு வெளிக்கிட்டோம். லொறி கிளிநொச்சிப் பாலன் அண்ணையுடையது. போக வர 95,000 ரூபா. உள்ளே தென்னந்தும்பு பரப்பி, பக்கங்களுக்கு மெத்தை கட்டி, எங்கள் கிணற்றுத் தண்ணீர் நாற்பது லீற்றர் ஏற்றியிருந்தேன். ஜெனிற்றா முன்னுக்கு இருக்க மாட்டேன் என்று பின்னால் கறுவாவுடன் நின்றாள்.

5.10க்கு முறிகண்டி. பாலன் அண்ணை இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். 5.50க்கு மாங்குளம். சந்தியில் பொலிஸ் மறித்தது. கனகராயன்குளத்துக்கு அங்கால் வீதிக்கு மேலாகத் தண்ணீர் பாய்கிறது, பெரிய வாகனம் விடமாட்டோம் என்றார்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம் என்று சுற்றினால் வவுனியா போகலாம். கிட்டத்தட்ட நாற்பது கிலோமீற்றர் கூடுதல். அரை மணித்தியாலம் விசாரித்துவிட்டுக் கிழக்கே திரும்பினோம்.

ஒட்டுசுட்டானில் 7.10க்கு நிறுத்தினோம். கறுவாவுக்கு வாளியை வைத்தேன். மூக்கை நனைத்துவிட்டுத் தலையைத் தூக்கிவிட்டாள். வெளிக்கிட்டதிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்கவில்லை.

ஜெனிற்றா லொறியை விட்டு இறங்கி என்னிடம் வந்தாள். "தேவன் அண்ணை, அவள் விலாவைத் திரும்பித் திரும்பிப் பாக்கிறாள். மேல் சொண்டையும் சுருட்டுறாள். திரும்புவம்."

"லொறிக்குள்ளை நிண்டால் எல்லாக் குதிரையும் உப்பிடித்தான்," என்றேன்.

"இவள் உப்பிடிச் செய்யிறேல்லை."

"இப்ப திரும்பினால் போட்டி இல்லை ஜெனி. வவுனியாவிலை இறக்கிப் பாப்பம்."

அவள் திரும்பவும் பின்னால் ஏறிக்கொண்டாள். நேரம் 7.30.

நெடுங்கேணிக்கு நான்கு கிலோமீற்றர் இருக்கும்போது ஒரு மதகில் தண்ணீர் பாய்ந்தது. முன்னால் இரண்டு பஸ், ஒரு நெல் லொறி, நாலைந்து உழவு இயந்திரம். ஒரு ஜேசிபி கரை உடையாமல் மண் போட்டுக்கொண்டு நின்றது. அப்போது 8.20. பின்னால் திருப்ப இடமில்லை. எங்களுக்குப் பின்னும் வாகனங்கள் வந்து நின்றுவிட்டன.

9.45க்கு லொறி ஒரு பக்கம் குலுங்கியது. கறுவா உள்ளே படுக்கப் பார்த்தாள். பலகையை வைத்து இறக்கினோம். உடம்பு முழுக்க வேர்வை. மழைக்குள் ஆவி பறந்தது. குதிரைக்குச் சத்தி எடுக்க வராது. வயிற்றில் போனது சிக்கினால் மேலே வர வழியில்லை. அந்த வயிற்றுக்குத்தைத்தான் கொலிக் என்பது. குதிரை வளர்ப்பவர்கள் எல்லோரும் பயப்படுகிற சொல் அது.

நாடி பார்த்தேன். நிமிடத்துக்கு 56. சும்மா நிற்கும் குதிரைக்கு நாற்பதுக்குள் இருக்கவேண்டும். கிளிநொச்சியில் எங்கள் மிருக வைத்தியருக்கு அழைத்தேன். மருந்துப் பெட்டியிலிருந்த வலி மருந்தைப் போடச் சொன்னார். போட்டேன். நடத்தச் சொன்னார். ஜெனிற்றா தலைக்கயிற்றைப் பிடித்து பஸ்களுக்கும் லொறிக்கும் இடையில் மேலும் கீழுமாக நடத்தினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 10.45க்கு நாடி 72. பன்னிரண்டரைக்கு 100. பல்முரசு ஊதாவாகிவிட்டது.

"நூறு எண்டால் குடல் முறுக்கிட்டுது தேவன்," என்றார் வைத்தியர் தொலைபேசியில். "இனி அவளை நடத்தாதேங்கோ. நெடுங்கேணிப் பக்கம் ஒரு டொக்டர் இருக்கிறா. நான் அவாவோடை கதைக்கிறன்."

அந்த டொக்டர் 1.40க்கு ஒரு உழவு இயந்திரத்தில், இடுப்பு வரை நனைந்து வந்து சேர்ந்தார். மாடும் ஆடும் பார்ப்பவர். கறுவா அப்போது வீதிக்கரையில் படுத்து, எழும்ப முயன்று, திரும்ப விழுந்துகொண்டிருந்தாள். டொக்டர் காதை வயிற்றில் வைத்துக் கனநேரம் கேட்டார்.

"ஒரு சத்தமும் இல்லை. வெட்டிச் செய்யிற வசதி இஞ்சை ஒரு இடமும் இல்லை. ஊசி போட்டு முடிக்கிறதுதான் மிச்சம். ஆற்றை குதிரை? ஆர் ஓமெண்டு சொல்லுறது?"

சுகந்தி அக்காவுக்கு அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஜெனி கிட்ட நிக்கிறாவோ? அவாவைக் கேளுங்கோ," என்றார்.

ஜெனிற்றா சேற்றில் இருந்து கறுவாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் கேட்க முன்னமே, "ஓம், போடச் சொல்லுங்கோ," என்றாள். டொக்டர் ஊசி போட்டபோது அவள் கண்ணை மூடவில்லை. நான் மூடினேன். 2.15க்கு எல்லாம் முடிந்தது.

அதற்குப் பிறகு வரும் வேலையைப் பற்றி எந்தக் கையேட்டிலும் நான் வாசித்ததில்லை. 460 கிலோ உடல் பொது வீதியில் கிடக்கிறது. ஜேசிபிக்காரரிடம் போய்க் கேட்டேன். வீதிக்கு அங்கால் இருந்த பற்றைக் காணியைக் காட்டினேன்.

"அதுக்குள்ளை தோண்டமாட்டன் அண்ணை," என்றார். "கண்ணிவெடி எடுத்து முடிஞ்சுதெண்டு போர்டு இருக்குதுதான். அவையள் பாத்தது மேல் மண். பத்தடிக்குக் கீழை ஆர் பாத்தது?"

அவர் சொன்னது சரி.

நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு விவசாயி கிட்ட வந்தார். பெயர் ராமையா, ஐம்பது வயதிருக்கும். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம்.

"மேட்டுல என் காணி இருக்குங்க. போன வருசம் மிசின் விட்டுக் கெணறு தோண்டுனேன். பத்தடியில பாறை. திரும்ப மூடிட்டேன். அந்த எடத்துல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். அங்க தோண்டுங்க."

டொக்டர் போய்ப் பார்த்தார். பக்கத்தில் குடிதண்ணீர்க் கிணறு இல்லை, போடலாம் என்றார். ஜெனிற்றா கறுவாவின் கால்களில் சுற்றியிருந்த துணிகளை அவிழ்த்தாள். கயிறு கட்டி, ஜேசிபியால் இழுத்து, கடைசியில் அதன் வாளியில் தூக்கித்தான் கொண்டுபோனோம். கழுத்து ஒரு பக்கம் தொங்கியது. நான் ஒரு கையால் தாங்கிக்கொண்டு நடந்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரியும்.

மண் மூடிய பிறகு ஜெனிற்றா ஒரு கல்லைத் தூக்கினாள்.

"கோவிக்காதீங்க தங்கச்சி," என்றார் ராமையா. "அடையாளம் ஒண்ணும் வைக்க வேணாம். தண்ணி வடிஞ்சதும் நெலக்கடல போடணும்."

அவள் கல்லைக் கீழே வைத்தாள்.

பின்னால் நின்ற வாகனங்கள் விலகி வழி விட்ட பிறகு, 5.30க்கு வெறும் லொறியோடு திரும்பினோம். இந்தமுறை அவள் முன்னுக்கு இருந்தாள். ஒட்டுசுட்டான் தாண்டும்போது சொன்னாள்.

"நீங்கள் உந்தத் தளத்திலை எழுதுவியள்தானே. எழுதேக்கை, நான் திரும்பச் சொன்னனான் எண்டதையும் எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். இப்போது இரண்டு மாதமாகிறது. போட்டி நடந்து முடிந்துவிட்டது. அங்கே வேறொரு குதிரையைத் தருகிறோம் என்று அழைத்தார்கள். அவள் போகவில்லை. காலையில் வந்து மற்ற இரண்டுக்கும் தீனி வைக்கிறாள், ஓடவிடுகிறாள். என்னோடு வேலைக்குத் தேவையான கதை மட்டும்தான்.

இந்த வழியாகக் குதிரை கொண்டு போகப் போகிறவர்களுக்கு: ஐப்பசியிலிருந்து தை வரை வன்னியில் ஒரு நாளை நம்பிப் பயணம் வைக்காதீர்கள். குறைந்தது மூன்று நாள் முன்னதாக வவுனியாவுக்குத் தெற்கே போய் நில்லுங்கள். எங்களைப் போல நாற்பது லீற்றரோடு வெளிக்கிடாதீர்கள், நூறாவது வேண்டும். முதல் நாளே தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரைப் பாகு கலந்து பழக்குங்கள், பிறகு அதே பாகைக் கலந்தால் எந்த ஊர்த் தண்ணீரையும் குடிக்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் குடிக்காவிட்டால் அதை ஒரு நோயாகவே எடுங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு மிருக வைத்தியரின் இலக்கமும் கையில் இருக்கட்டும். செத்தால் எங்கே புதைப்பது என்றும் கேட்டு வையுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.

இன்னொன்று. லொறியைத் திருப்பச் சொல்லும் அதிகாரத்தை என்னைப் போல அனுபவம் உள்ள ஆளிடம் கொடுக்காதீர்கள். குதிரையோடு பின்னால் நிற்கிற ஆளிடம் எழுதிக் கொடுங்கள். அப்படிக் கொடுத்திருந்தால் அன்று 7.30க்கு ஒட்டுசுட்டானிலேயே திரும்பியிருப்போம். அங்கிருந்து லாயத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவான வழி. பாதை திறந்திருந்தது.