சரஸ்வதிக்குப் படைத்த மாம்பழ வாசம்

ஒரு வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக் கும்பிட்டவன் நான். மொன்றியலில் இப்படி ஒரு காரியம் செய்த இன்னொருவர் இருந்தால் அவரைச் சந்திக்க விருப்பம். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

போன வருடம் சரஸ்வதி பூசை நாள். ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டில் கும்பம் வைப்பது, அவல் கடலை செய்வது எல்லாம் மனைவியின் பொறுப்பு. படிப்புச் சாமான்களையும் தொழில் சாமான்களையும் எடுத்து வந்து கும்பத்துக்கு முன்னால் அடுக்குவது என் பொறுப்பு. வீட்டில் எனக்குத் தரப்படும் வேலைகளில் பிழை விடவே முடியாத வேலை இது ஒன்றுதான் என்று மனைவியும் நம்பினாள், நானும் நம்பினேன்.

நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடைக்கு வான் ஓட்டுகிறேன். ஆகவே முதலில் வான் திறப்பு, பெட்டி வெட்டும் கத்தி. மனைவி முதியோர் இல்லத்தில் வேலை. அவளுடைய பிரஷர் பார்க்கும் கருவி. கடைசியாகப் பேஸ்மென்டில் மகளின் மேசை. அவளுக்குப் பதினைந்து வயது. குளித்துக்கொண்டிருந்தாள். கணக்குப் புத்தகம், பிரெஞ்சு இலக்கணப் புத்தகம், கல்குலேட்டர் எல்லாம் எடுத்தேன். பென்சில் பைக்குள் ஊதா நிறத்தில், பெருவிரல் அளவில் ஒரு சாமான் இருந்தது. கம்ப்யூட்டரில் செருகும் பென்ட்ரைவ் என்று முடிவுகட்டினேன். பிள்ளையின் படிப்பு முழுக்க இதற்குள்தான் இருக்கும், சரஸ்வதியின் பார்வை முதலில் இதில்தான் விழவேண்டும் என்று அதை நடுவில் வைத்தேன். மற்றவற்றுக்கு ஒரு பொட்டு. இதற்கு மூன்று.

பூசைக்கு மனைவியின் தம்பி வந்திருந்தான். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு டெப்பனரில் கல்லாவில் நிற்பவன். சிகரெட்டும் பாலும் லொத்தர் டிக்கெட்டும் விற்கும் மூலைக்கடை. கற்பூரம் அணைந்ததும் குனிந்து பார்த்தான்.

"அத்தான், சரஸ்வதிக்கு எந்த ஃபிளேவர் படைச்சிருக்கிறியள்?"

"என்ன ஃபிளேவர்?"

"இது வேப். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்ட உடனை வந்து கேக்குங்கள். ஐடி காட் எங்கை, பதினெட்டு வயசோ எண்டு கேட்டுத் திருப்பி அனுப்புறதுதான் எனக்கு வேலை." எடுத்து மணந்து பார்த்தான். சந்தனத்தையும் தாண்டி வந்ததாக்கும். "மாம்பழம்."

முதலில் சிரித்தது நான்தான். அதை இப்போது சொல்லிவிடுவது நல்லது. நான் சிரித்ததால் மைத்துனன் சிரித்தான். அவன் சிரித்ததால் மனைவியும் என்ன செய்வது என்று தெரியாமல் பாதி சிரித்தாள். மகள் பேஸ்மென்ட் படிக்கட்டின் மேல்படியில் பாவாடை தாவணியோடு நின்றாள். வந்தாள், தன் புத்தகங்களை எடுத்தாள், ஊதாச் சாமானை மட்டும் விட்டுவிட்டுக் கீழே போனாள். பூசையன்று புத்தகத்தை எடுக்கக் கூடாது என்று சொல்ல வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

மாம்பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடை முழுக்க, கடையில் அடிபட்ட மாம்பழங்களைப் பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுவருவேன். பெட்டியைத் திறக்காமலே எந்தப் பெட்டியில் பழம் அடிபட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன், சந்தையில் அதற்கு எனக்கு ஒரு சின்னப் பெயர் உண்டு. அந்தப் பெட்டிகளை வைப்பது பேஸ்மென்டில். ஆகவே அங்கே மாம்பழம் மணப்பது எங்கள் வீட்டில் சாதாரணம்.

அதே கோடையில்தான் அவளுக்கு இருமல் தொடங்கியது. நான் ஆராய்ந்து, பேஸ்மென்ட் ஈரம்தான் காரணம் என்று கண்டுபிடித்தேன். ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கிவந்தேன். அது ஒவ்வொரு நாளும் அரை வாளித் தண்ணீர் சேர்த்தது. வாளியை அவளிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். "பார் பிள்ளை, இவ்வளவத்தையும் நீ மூச்சில இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறாய்." இஞ்சி போட்ட மல்லித்தண்ணி வேறு, காலையும் மாலையும். மறுபேச்சில்லாமல் குடித்தாள். அவ்வளவு நல்ல பிள்ளையாக அவள் மல்லித்தண்ணி குடித்தபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பூசைப் பலகாரம் முடிந்ததும் மைத்துனன் எனக்குப் பாடம் எடுத்தான். சுவை சேர்த்த வேப்பை இந்த மாகாணத்தில் யாருமே விற்கக் கூடாதாம், கிழவனுக்கும் கூடாதாம்.

"அப்ப எப்பிடி இவளிட்டை வந்தது?"

"ஃபோனில சொன்னா வரும் அத்தான். ஒராள் எடுத்தா வகுப்புக்கே பங்கு போகும். நான் கடையில கதவைப் பூட்டிக்கொண்டு நிக்கிறன், அது யன்னலால போகுது."

அவன் போன பிறகு பேஸ்மென்டுக்கு இறங்கினேன். நிகோடின், நுரையீரல், மூளை வளரும் வயது என்று படியிலேயே ஒரு சொற்பொழிவு தயார். அவள் நடுவில் நிறுத்தினாள்.

"நீங்கள் சிகரெட் பத்தினனீங்கள் தானே?"

"விட்டிட்டன். நீ பிறந்த பிறகு."

"எத்தினை வயசில விட்டனீங்கள்?"

"முப்பத்தெட்டில."

"அப்ப எனக்கு இன்னும் இருபத்திமூண்டு வருசம் இருக்கு."

என் மகள்தான், சந்தேகமே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே ஏறினேன். அன்றைக்கு அவளைத் திருத்தப் போனவன் சாதித்தது அந்தச் சிரிப்பை அடக்கியது மட்டும்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை டொலார்டில் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து சாப்பாட்டு மண்டபத்தில் இருக்கும்போது வழக்கம்போல நாலு பேர் என்னைச் சுற்றி இருந்தார்கள். நான் இருக்கும் வரிசையில் சிரிப்புக் கேட்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கதையை எடுத்து விட்டேன். மூன்று பொட்டு வைத்ததைக் கையால் காட்டினேன். மைத்துனனின் குரலில் "எந்த ஃபிளேவர்" என்று கேட்டேன். ஒருவருக்கு ரசம் மூக்கில் ஏறிவிட்டது. என் மடத்தனத்தைத்தானே சொல்கிறேன், யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். பெண்களும் பிள்ளைகளும் அடுத்த வரிசையில் இருந்தார்கள்.

மார்கழியில் அவள் நீச்சல் வகுப்பை விட்டாள். ஏன் என்று கேட்டதற்கு "மூச்சு இளைக்குது" என்றாள். இருமல் நிற்கவில்லை. ஒரு நாள் அவளுடைய பனிச் சப்பாத்தைக் காயவைக்கக் கவிழ்த்த மனைவியின் கையில் நீல நிறத்தில் இன்னொன்று விழுந்தது.

"இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டாள். அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

மகள் கட்டிலில் இருந்தாள். இந்த முறை பகிடி இல்லை.

"நிப்பாட்டிப் பாத்தனான் அப்பா. நாலு நாள் இருந்தனான். பேந்து ஏலாமல் போச்சு. வகுப்பில இருக்கேலாது, ஒண்டும் மண்டையில ஏறாது. எல்லாரோடையும் எரிஞ்சு விழுறன்."

அவளுக்குப் பக்கத்தில் இருந்து, அந்த நீலச் சாமானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டேன். அதை நிறுத்தவேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

தை மாதம் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் இளம் பெண். "போன்ஜூர்" சொல்லி மகளைப் பார்த்து வயதைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் வெளியில் இருங்கள் என்றார். ஏதோ நடைமுறை, ஐந்து நிமிடத்தில் கூப்பிடுவார் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் இருந்தேன். எதிர்ச் சுவரில் நுரையீரல் படம். இரண்டாகப் பிளந்த கோலிஃபிளவர் மாதிரி இருந்தது. கோலிஃபிளவர் என்றால் எங்கே பழுது, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வேன். இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மகள் முதலில் வந்தாள். மடித்த கடதாசி ஒன்றை ஜக்கெட் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தாள். நான் எழும்பிப் போய் டொக்டரைக் கதவடியில் பிடித்தேன். என்னுடைய பிரெஞ்சு தக்காளிப் பெட்டி இறக்குவதற்குப் போதும். இதற்குப் போதாது. ஆனாலும் அவர் பொறுமையாக, மெதுவாகச் சொன்னார். பதினான்கு வயது நிரம்பினால் இந்த மாகாணத்தில் பிள்ளை தன் வைத்தியத்துக்குத் தானே சம்மதிக்கலாம். அவள் சொன்னது அவளுக்கும் டொக்டருக்கும் இடையில்தான் இருக்கும். அவள் விரும்பினால் எனக்குச் சொல்லுவாளாம்.

"நுரையீரல் எப்படி என்று மட்டும் சொல்லுங்கள், டொக்டர்."

"அவளைக் கேளுங்கள்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். கதவையும் மெதுவாகத்தான் சாத்தினார்.

வாங்குவதற்குப் பதினெட்டு. மறைப்பதற்குப் பதினான்கு. தகப்பனுக்கு எத்தனை வயதில் என்ன கிடைக்கும் என்று இந்த நாட்டில் எங்கும் எழுதிவைக்கவில்லை. இது ஒரு நல்ல வசனம், யாருக்காவது சொல்லலாம் என்று கார் தரிப்பிடத்தைக் கடக்கும்போது நினைத்தேன். என் புத்தி அப்படி.

காரின் முன் கண்ணாடியில் பனி இறுகியிருந்தது. நான் சுரண்டினேன். அவள் உள்ளே இருந்து இருமுவது கண்ணாடிக்கு வெளியிலும் கேட்டது. ஏறி இருந்து, ஹீட்டரைப் போட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"டொக்டர் என்ன சொன்னவ?"

என்னோடு கோபம் என்றால் அவள் பிரெஞ்சில்தான் கதைப்பாள், எனக்குப் பாதி விளங்காது, அது இருவருக்கும் வசதி. அன்றைக்கு ஒரு சொல்லும் தவறாமல் விளங்கட்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

"சொன்னா நீங்கள் அதையும் கோயில்ல போய்ச் சொல்லிச் சிரிப்பீங்கள்."